நான் வெட்டிப் போட்ட நாற்பது விநாடிகள்

1. 1982-இல், டிப்ளமோ முடித்துவிட்டு, அப்ரண்டிஸ் ஆர்டர் வரும்வரை நெய்வேலி குவார்ட்டர்ஸில் சும்மா இருந்தேன்.

2. பரணில் கிடந்த அப்பாவின் பழைய புரொஜெக்டரை இறக்கி, அறுந்த பெல்ட்டை மாற்றி, ஓட வைத்தேன்.

3. என் சிறுவயதில் அப்பா எடுத்திருந்த ஒன்பது படச்சுருள்களையும் ஓட்டிப் பார்த்து, நோட்டில் பட்டியல் போட்டேன்.

4. எங்கள் வீட்டார் இல்லாத பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டினேன்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அப்பா பாராட்டினார். நான்காவதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். திருநெல்வேலியிலிருந்து சித்தி வந்திருந்தார். ஜன்னல்களைப் போர்வையால் மூடி, சுவரில் அப்பாவின் வேட்டியைக் கட்டி, நான்காம் சுருளை ஓட்டினேன். ஐந்து வயதில் நான், ஏதோ ஒரு குளத்தங்கரையில் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"குட்டியவிட நீதான்ட்டி மெரண்டு போய் முழிக்கே" என்று சித்தி சிரித்தார்.

அப்போதுதான் பால்காரம்மா வந்தார். அவருடைய ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு எங்கள் பிளாக்குக்குப் பால் ஊற்றிவந்தார். வாசலில் நின்று பார்த்தவர், பால் தூக்கைக் கீழே வைத்தார். திரையின் ஓரத்திலிருந்து பாவாடை கட்டிய ஒரு சிறுமி கேமராவுக்கு முதுகைக் காட்டியபடியே ஓடிவந்து எனக்குப் பின்னால் நின்றாள். முகத்தைத் திருப்பத் தொடங்கினாள். அதற்குள் படம் என் பிறந்தநாளுக்குத் தாவிவிட்டது.

"அது எம்பொண்ணு பாப்பா."

அவருடைய ஒரே மகள் பத்து வயதில் மஞ்சள்காமாலையில் இறந்தது எங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஒரு போட்டோகூட இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது என்றார். திரும்பச் சுற்றி மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் அவள் திரும்பப் போகும்போதே படம் தாவியது.

"அப்பால எங்க போவுது?"

படம் அவ்வளவுதான் என்றேன்.

"இல்ல பாப்பா. எங்க ஊரு கொளம் அது, நான் அங்கதான் துணி தொவைச்சிக்கினு இருந்தேன். உங்கப்பா பொட்டிய இது மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்கினு நின்னாரு. இது கைய ஆட்டி ஆட்டி என்னமோ பேசிக்கினே இருந்திச்சி. போதும் வாடின்னு நாந்தான் அதட்டினேன்."

என் நோட்டு புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே விரிந்து கிடந்தது. 'சுருள் நான்கு: குளத்தங்கரை, யாரோ ஒரு பெண், நாற்பது விநாடி, தேவையில்லை.' கேமரா என்னை விட்டு அவள் பக்கம் நகர்ந்த இடத்தில் சரியாக வெட்டியிருந்தேன்.

உண்மையைச் சொன்னேன். வெட்டிய துண்டைக் குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர் அழவில்லை, திட்டவும் இல்லை.

"உனக்கு அது யாருன்னு தெரியாதில்ல" என்றார். பாலை அளந்து ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சித்தி போர்வைகளை அவிழ்த்தார்.

மிச்சமிருந்த துண்டைப் பண்ருட்டியில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், அவள் தெரியும் ஒரு ஃபிரேமை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னேன். ஒரு காது, ஒரு பின்னல், கன்னத்தில் பாதி. அவ்வளவுதான் வந்தது, அதுவும் புகை படிந்ததுபோல. பால்காரம்மா அதற்குக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். பொட்டு வைக்க நெற்றி இல்லாததால், கண்ணாடியின் ஓரத்தில் வைத்திருக்கிறார்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பால் இன்றும் அவர்தான் ஊற்றுகிறார். அந்தப் பெண்ணின் முகம் இனி அவர் நினைவில் இருக்கும்வரைதான். அதற்குப் பிறகும் அதை வைத்திருந்திருக்கக்கூடிய நாற்பது விநாடிகளைத் தேவையில்லை என்று எழுதி எறிந்தவள் நான்.