முதல் வரிசையில் ஒரு டென்ட்

போன சனிக்கிழமை அலிபாக் பக்கத்துக் கடலுக்கு ஒரு டென்ட்டைத் தாரை வார்க்கப் பார்த்தோம். நல்லவேளை, கடல் வாங்கிக்கொள்ளவில்லை. நனைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

நாங்கள் என்றால் நான்கு பேர். நான், என் கணவர் முரளி, டோம்பிவிலியிலிருந்து ஜான்சி, அவள் கணவர் செல்வின். ஜான்சி என்னோடு மும்பை ஃபோர்ட்டில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவள். நான் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு மாட்டுங்கா வீட்டில் உட்கார்ந்து வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு அரட்டை அடிக்கிறேன். அவள் இன்னும் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டிருக்கிறாள்.

கேம்பிங் யோசனை வந்ததே அவளால்தான். கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னாள்:

"யக்கா, பொழுதடையிறத ஒரு தடவ முழுசாப் பாக்கணும்க்கா. அந்த நேரத்துல நான் குர்லாவுக்கும் தாணேக்கும் நடுவுல நிக்குதேன். எவ கொண்டையோ என் மூக்குல இடிக்கும். வெளிய செவப்பா என்னமோ தெரியும். அவ்வளவுதான். கல்யாணமாகி வந்ததுலருந்து இதே கததான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலை ஒட்டியே ஒரு ஊர்... அதில் சூரியன் மறைவதைப் பார்க்க ஒருத்திக்கு நேரம் இல்லை. என்ன பிழைப்பு இது?

முரளியிடம் சொன்னேன். அங்கேதான் தப்புச் செய்தேன். ஒரே முகூர்த்த நாளில் ஐந்து ரிசப்ஷனுக்குப் போய் ஐந்திலும் ஐஸ்க்ரீம் சாப்பிட்டு வருகிற மனிதர் அவர். பீச்சுக்கும் அதே கணக்குதான். சனிக்கிழமை கிஹிம், அலிபாக், ராத்திரி நாகாவில் டென்ட். ஞாயிற்றுக்கிழமை ஆக்ஷி, வர்சோலி. ஐந்து மணிக்கு மாண்ட்வாவிலிருந்து மும்பை திரும்புகிற படகு. ஜான்சியின் சூரியனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமை கேட்வேயில் படகேறினோம். கிஹிம் எனக்குப் பிடித்தது. சிப்பி பொறுக்கலாம், கூட்டம் குறைவு. ஆனால் பொறுக்க விட்டால்தானே? "சலோ, சலோ" என்று கிளப்பிவிட்டார் முரளி. அலிபாக்கில் கடலுக்குள் ஒரு கோட்டை இருக்கிறது. தண்ணீர் வற்றியிருக்கும்போது நடந்தே போகலாம். நாங்கள் போனபோது வற்றித்தான் இருந்தது. நடந்து போய், தண்ணீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று வேகவேகமாக ஓடி வந்தோம்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு நாகாவ். சவுக்குத் தோப்பின் நிழலில் வரிசையாக டென்ட்டுகள். எங்கள் டென்ட்டை வாடகைக்கு எடுத்தாயிற்று, நாமே அடித்துக்கொள்ள வேண்டும். தோப்பில் இடம் தேடிக்கொண்டிருந்தபோது, ஜான்சி எதிரே பார்த்தாள். கடலுக்குப் பக்கத்தில், வழவழவென்று பரந்த மணல். ஒரு ஈ, காக்கை இல்லை.

அவ்வளவுதான். தோளில் இருந்த பையை இறுக்கிக்கொண்டு ஓடினாள். பத்தடி தூரத்திலிருந்தே துப்பட்டாவை வீசி இடம் பிடித்துவிட்டாள்!

"யக்கா, வாங்க! விண்டோ சீட்டு!"

நாங்கள் மூவரும் பின்னாலேயே ஓடினோம். நாங்கள் மட்டும் என்ன, வேறு ஊர்க்காரர்களா?

இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. நெரிசலான லோக்கலில் எல்லோரும் நிற்க, ஒரு சீட் மட்டும் காலியாக இருந்தால் எந்த மும்பைக்காரராவது உட்காருவாரா? குனிந்து பார்ப்போம். ஏதோ கொட்டியிருக்கிறது, மேலிருந்து ஏதோ ஒழுகுகிறது... காரணம் இல்லாமல் சீட் காலியாக இருக்காது என்று நமக்குத் தெரியும். அவ்வளவு விவரமான நாலு பேருக்கு, அத்தனை பேரும் தோப்பில் ஒதுங்கியிருக்க, முன்னால் மட்டும் ஏன் காலி என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

பெருமையாக டென்ட்டை அடித்தோம். வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். கொஞ்சம் கண்ணயர்ந்தோம். எழுந்தபோது வானம் மஞ்சளாகியிருந்தது. ஜான்சி முகம் கழுவி, தலை சீவி, சமர்த்துப் பிள்ளை மாதிரி மணலில் தயாராக உட்கார்ந்தாள்.

முதல் அலை அவள் காலை நனைத்தது. சிரித்தாள். இரண்டாவது அலை டென்ட்டுக்குள் போய்விட்டு வந்தது.

பிறகு என்ன, ரகளைதான். செல்வின் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். முரளி ஆணியைப் பிடுங்கினார். நான் பாயைத் துரத்தினேன். ஜான்சி டென்ட்டின் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்... கடலுக்கு முதுகைக் காட்டியபடி. அவளுக்குப் பின்னால் சூரியன் இறங்கி, முடிந்தே போனது. அவள் திரும்பிப் பார்த்தபோது வானத்தில் கொஞ்சம் சிவப்பு மட்டும் மிச்சம்.

"இதத்தாம்க்கா தெனமும் பாக்கேன்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ராத்திரியைத் தோப்புக்குள் இழுத்துப்போட்ட டென்ட்டில் கழித்தோம். மறுநாள் காலை, நனைந்த துணியெல்லாம் சவுக்கு மரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. முரளி ஷூ மாட்டி ரெடி. "ஆக்ஷி ரொம்ப அமைதியா இருக்குமாம். அரை மணி நேரம் போதும். அப்படியே வர்சோலி..."

ஜான்சி பாயை விட்டு அசையவில்லை.

"நான் வரலண்ணே. நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன். சாயங்காலம் பாத்துட்டுத்தான் வருவேன்."

"ஏட்டி, அஞ்சு மணிக்குப் படகுலா?" என்றார் செல்வின்.

"போட்டும்."

"நாளைக்கு ஆபீசு?"

"நாளைக்குத்தான ஆபீசு!"

இவ்வளவு காலப் பழக்கத்தில் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முரளி எங்களைப் பார்த்தார், செல்வினைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு ஷூவைக் கழற்றினார். ராத்திரி அலிபாக்கிலிருந்து பன்வேல் ரயில் ஸ்டேஷனுக்கு அரசு எஸ்.டி. பஸ் இருக்கிறதா என்று விசாரிக்கப் போனார். இருந்தது.

அன்று நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. உங்களுக்கும் போகும் ஆசை இருந்தால், ஆக்ஷியும் வர்சோலியும் நன்றாக இருக்குமாம். நான் பார்க்கவில்லை. நாகாவை மட்டும் நன்றாகப் பார்த்தேன்.

சாயங்காலம் தோப்பு ஓரமாக, பத்திரமான இடத்தில் உட்கார்ந்தோம். சூரியன் தண்ணீரைத் தொட்டது. பாதி இறங்கியது. சட்டென்று ஜான்சி எழுந்தாள். செருப்பை மாட்டினாள். பையை முன்பக்கமாகப் போட்டு அணைத்துக்கொண்டாள்.

"எங்கேடி கிளம்பறே?"

"முடியப் போவுதுல்லாக்கா..."

ஸ்டேஷன் வருவதற்கு முன்பே கதவுப் பக்கம் நகர்ந்து நகர்ந்து பழகிய கால். அதற்குச் சூரியனும் ஒன்றுதான், தாணேயும் ஒன்றுதான். கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒக்காருடி. இங்கே யாரும் உன்னைத் தள்ளிண்டு இறங்கப் போறதில்லை."

உட்கார்ந்தாள். கடைசிக் கீற்று மறையும்வரை பார்த்தாள். அதற்கப்புறமும் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளைக் கிளப்புவதற்குள் எங்கள் மூவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது!