விலாங்குக் குழம்பு

கார் கம்பெனியில் என் லைனில் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவள் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒராவோன் பழங்குடிப் பெண். பெயின்ட் ஷாப்பில் இருக்கும் ஒடிசாக்காரனும் ஒராவோன்தான் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்யாணத்தைப் பேசி முடித்துவிட வேண்டியதுதான்! அடுத்த ஞாயிறே இருவரையும் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டேன்.

செம்பரம்பாக்கம் ஏரி விலாங்கு கிடைத்ததென்று அம்மா குழம்பு வைத்திருந்தாள். இருவரும் எதிரெதிரே தலைகுனிந்து உட்கார்ந்தார்கள். எனக்கோ ஒரே குஷி. அம்மா கரண்டியோடு குனிந்ததும் அந்தப் பெண் தட்டைக் கையால் மறைத்தாள். அவனும் மறைத்தான்.

"இன்னாடி, மீனுன்னா உசுர வுடுவியே?" என்றேன் அவளிடம்.

"வேற மீன் எல்லாம் சாப்பிடும் அக்கா. இது மட்டும் வேணாம். இது எங்க குலம். நம்ம ஆளை நம்ம சாப்பிடுமா?"

அவன் விருட்டென்று நிமிர்ந்தான். அவர்கள் மொழியில் ஏதோ கேட்டான். அவள் கத்தியேவிட்டாள். இருவரும் ஒரே விலாங்குக் குலம்! அப்படியென்றால் அண்ணன் தங்கை. அவர்கள் வழக்கப்படி ஒரே குலத்துக்குள் கல்யாணப் பேச்சே கிடையாது. என் திட்டம் அங்கேயே காலி. அவர்களுக்கோ தலைகால் புரியவில்லை. ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், அவள் அழவும் செய்கிறாள். அம்மா ஓடிப்போய் முட்டை பொரித்து வந்தாள்.

கை கழுவும்போது அவன் என்னிடம் வந்தான். முகத்தில் பழைய வெட்கத்தைக் காணோம்.

"அக்கா, இனிமே என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கணும்னா, முதல்ல என்னைக் கேக்கணும்."