இராக்கினியின் போர்வைக்கு உள்பக்கம்

எங்கள் கரையில் மாதாவை இராக்கினி என்றுதான் சொல்வோம். கோயிலில் அவருடைய சுரூபத்துக்குப் போர்த்தும் நீலப் போர்வையில் வெளியாருக்குத் தங்க நூல் பூக்கள் மட்டுமே தெரியும். உள்பக்க ஓரத்தைத் திருப்பினால்தான் எங்கள் கதை. கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்காக அவன் வீட்டுப் பெண்கள் அங்கே சரிவாக ஒரு வெள்ளைத் தையல் போடுவார்கள். ஆள் வந்தால் பிரித்துவிடுவார்கள். இனி வரமாட்டான் என்று ஆத்துமப் பூசை கொடுத்தால் குறுக்கே இன்னொரு தையல் விழும், அது சிலுவையாகிவிடும். இந்த வழக்கத்தை முதலில் யார் தொடங்கியது என்று எவருக்கும் தெரியாது.

இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புக்கு உழவு மெஷின் பெட்டியில் ஏறி வந்தபோது போர்வை மழையில் நனைந்து இத்துப்போனது. புதியது தைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குக் கை நல்லதாம்! அந்தப் புகழ்ச்சிக்கு எடுபட்டவள்தானே நான். பழைய அடையாளங்கள் எல்லாவற்றையும் அப்படியே புதிய போர்வைக்கு மாற்ற வேண்டும். கடைசியாக இருந்தது என் அண்ணாவுடையது. எட்டு மாதமாக ஒற்றைத் தையல், அம்மா போட்டது.

மாதாவின் பெருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மேலே குண்டு போடுகிற பிளேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு முன் தைத்தவை எல்லாம் சிலுவைகள், கை பழகிவிட்டது. பதறிப் பதறித் தைத்து முடிச்சுப் போட்ட பிறகுதான் பார்த்தேன். அண்ணாவுக்கும் குறுக்கே போட்டிருந்தேன்.

ஐயோ மாதாவே! போட்ட சிலுவையைப் பிரித்தால் அந்த வீட்டில் இன்னொருவர் போவார் என்பார்கள். அப்பா அப்போதும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணாவின் மனைவி வந்தார். நான் மடிக்குள் மறைத்ததைப் பறித்துப் பார்த்தார். எனக்கு அறை விழப்போகிறது என்றே நினைத்தேன்.

"தெரியாமல் போட்டிட்டன் அண்ணி. பிரிக்கிறன்."

"பிரிக்காதை. இருக்கட்டும்." ஊசியை எடுத்துத் தள்ளி வைத்தார். "இதைப் போடச்சொல்லி உன்னட்டைக் கேக்கத்தான் இவ்வளவு நாளும் வந்து வந்து போனனான். வாய் வரேல்லை."

அதற்குள் அண்ணாவைக் கைவிட்டுவிட்டாரே என்று எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஆனால் அந்தச் சிலுவையைத் தடவித் தடவி அவர் அழுத அழுகையில் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மாமிக்கு மட்டும் சொல்லிப்போடாதை," என்றார்.

பெருநாளன்று அம்மா போர்வையின் ஓரத்தை எடுத்து முத்தமிட்டார். கண்ணில் பூ விழுந்து அவருக்குப் பார்வை மங்கியிருந்தது.

"அவன்ரை ஒற்றைத் தையல் அப்பிடியே இருக்குத்தானே?" என்று எங்களைக் கேட்டார்.

"ஓம் மாமி," என்றார் அண்ணி.