நாற்பது பேரைத் தேற வைத்த கொப்பி

ஐந்து நிறப் பேனைகள் வைத்திருந்தேன். தலைப்புக்குச் சிவப்பு, உபதலைப்புக்குப் பச்சை, வரைவிலக்கணத்துக்கு நீலம், உதாரணத்துக்கு ஊதா, மிகுதி எல்லாவற்றுக்கும் கறுப்பு. பல்கலைக்கழக முதலாம் வருடத்தில் வாவிச் சூழலியல் பாடத்துக்கு நான் எழுதிய குறிப்புக் கொப்பியை இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தேன். கண்டல் மரத்தின் வேர்களுக்கு நிழல்கூடத் தீட்டியிருந்தேன். பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, வளாக வாசலுக்கு எதிரே இருந்த போட்டோக்கொப்பிக் கடையில் அதற்கு வரிசை நின்றது. எங்கள் வகுப்பில் நாற்பத்தொரு பேர். பெறுபேறு வந்தபோது நாற்பது பேர் தேறியிருந்தார்கள். தேறாத அந்த ஒருத்தி நான்.

அந்த நாற்பது பேரில் முதல் ஆள் என் மச்சாள். மாமாவின் மகள், என்னைவிட மூன்று மாதம் இளையவள், பனிச்சங்கேணிக்காரி. நான் மட்டக்களப்பு நகரத்தில் வளர்ந்தவள். இருவரும் வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, திடீரென்று எல்லாப் புத்தகமும் ஆங்கிலத்தில் வந்து நின்றபோது இருவருக்கும் ஒரே கலக்கம்தான். நான் விடிய எழும்பி எழுதினேன். அவள் பாயில் குப்புறப் படுத்து, பென்சிலைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எழுதச் சொன்னால் கை நோகுது என்பாள். பெறுபேற்றில் அவளுக்கு ஏ. என் வயிறு எரிந்தது, மறைக்கமாட்டேன்.

"என்ட நோட்ஸப் பார்த்துத்தானே பாஸ் பண்ணினாய்" என்று கேட்டேன்.

"ஓம் கா, நல்ல நோட்ஸ்" என்றாள் அவள். "நீயும் ஒருக்கா வாசிச்சிருக்கலாம்."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேச வேண்டிய நிலைமை வந்தது. மூன்று மாதத்தில் மீள்பரீட்சை. அதிலும் விழுந்தால் இரண்டாம் வருடத்துக்குப் போக முடியாது. மச்சாள் போய்விடுவாள், நான் அடுத்து வருகிற புதுப் பிள்ளைகளோடு மறுபடியும் முதல் வாங்குப் பலகையில் குந்தவேண்டும். வாய் விட்டுக் கேட்க ரோசம் விடவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய போட்டோக்கொப்பியை எடுத்துப் பிரித்தேன். என் ஐந்து நிறமும் அதில் ஒன்றாகிக் கறுத்துப் போயிருந்தன. அதைவிடக் கொடுமை, என் முத்து முத்தான எழுத்தைச் சுற்றிலும் பென்சிலால் கிறுக்கியிருந்தாள்.

என் தலைப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்வி இருந்தது. சில பந்திகளுக்கு எதிரே தமிழில் ஒரே ஒரு வரி, அந்தப் பந்தியின் சாரம் முழுவதும் அதற்குள். சில இடத்தில் "விளங்கல்ல". அதே இடத்தில் பிறகொரு நாள் எழுதியது போல, "இப்ப விளங்குது, 14ம் பக்கத்தோட சேர்த்துப் பார்". வாவியின் வாய் திறந்ததும் உவர்த்தன்மை அதிகரிக்கும் என்று புத்தகத்தில் இருந்ததை நான் அப்படியே நீலத்தில் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அவள் கேட்டிருந்தாள்: "எப்ப? வெட்டின அண்டைக்கா? அண்டைக்கு வெள்ளந்தானே வெளிய ஓடும்."

அந்த வரியை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட பரபரப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாரி வெள்ளத்தில் வாவியின் வாயை அடைத்திருக்கும் மண்திட்டை வெட்டிவிட்டால் கலங்கல் தண்ணீர் கடலுக்குள் பாய்வதை முகத்துவாரத்தில் நானும்தான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வெள்ளம் வடிந்த பிறகுதான் கடல் உள்ளே வரும். புத்தகம் சொன்னது எங்கோ ஒரு வாவியைப் பற்றி. அதை எழுதும்போது எங்கள் வாவி எனக்கு ஒரு கணமும் ஞாபகம் வரவில்லை. கண்ணால் எடுத்துக் கையால் இறக்கியிருக்கிறேன், நடுவில் தலைக்கு வேலையே கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதி, கொப்பி துப்புரவாக இருந்தால் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள் நான். புத்தகத்தோடு சண்டை பிடிக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

குளித்துவிட்டு வந்தவள் என் கையில் தன் கொப்பியைக் கண்டாள். கோபிக்கவில்லை. "எழுதப் பஞ்சியில செஞ்சது கா" என்றாள். சோம்பல்தான் காரணம் என்பது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. ஒரு பக்கம் வாசிப்பாள், மூடிவிடுவாள், என்ன நிற்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். சொல்ல வராததை மட்டும்தான் எழுதுவாள். எல்லாவற்றையும் எழுதுவதிலிருந்து தப்புவதற்கு அவள் கண்டுபிடித்த வழி அது. எழுதியதிலும் பாதி பிழையாக இருக்கும், நாலு நாள் கழித்து அவளே வெட்டுவாள்.

அன்றைக்கே தொடங்கினேன். முதல் பக்கத்துக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. வாசித்து மூடிய உடனே தலை வெறுமையாக இருந்தது, அழுகை வந்தது. இரண்டாம் தடவை மூன்று விசயம் நின்றது. ஒரு பென்சில் மட்டும் வைத்துக்கொண்டேன். தாளின் இடப்பக்கம் ஒரு கரையை விட்டு, அதில் கேள்விகளை மட்டும் எழுதினேன். மற்றப் பக்கத்தை மறைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பார்ப்பேன். சனிக்கிழமைகளில் மச்சாளோடு பனிச்சங்கேணிக்குப் போகும் பஸ்ஸில், "சொல்லு, பாப்பம்" என்பாள். சொல்லுவேன். "அதுக்கு?" என்பாள். "மறுகா?" என்பாள், அதற்குப் பிறகு என்ன என்று. மூன்றாவது கேள்வியில் நான் மாட்டிக்கொள்வேன். வாவிக்கு மேலே போகும் பாலத்தில் இறங்கி நின்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பவும் யோசிப்பேன். என் புதுக் குறிப்புகள் பார்க்கச் சகிக்காது. அம்புக்குறி, வெட்டல், தமிழும் ஆங்கிலமும் கலந்த கிறுக்கல். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் அவசரமாகப் பிரித்தேன். அடுத்த வரி என்ன சொல்லப் போகிறது, நான் நினைத்ததையா, வேறொன்றையா என்று பார்க்கும் ஆசை. படிப்பதில் இப்படி ஒரு சந்தோசம் இருக்கிறது என்பது எனக்குப் பத்தொன்பது வருடம் தெரியாமல் போய்விட்டது.

மீள்பரீட்சையில் வந்த கேள்வி புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாதது. மழை பொய்த்த வருடத்தில் வாவியின் வாய் திறக்காவிட்டால் இறாலுக்கு என்ன நடக்கும்? முதல் பரீட்சையிலும் இப்படித்தான் ஒரு கேள்வி வந்தது. அதற்கு வாவியின் வரைவிலக்கணத்தில் தொடங்கி ஆறு பக்கம் நிரப்பி வைத்தேன், கேட்டதற்குப் பதில் மட்டும் அதில் இல்லை. இந்த முறை பேனையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். மச்சாளின் குரல் காதுக்குள் "மறுகா?" என்றது. கடலில் பொரிக்கிற குஞ்சு உள்ளே வர வழி இல்லை. மறுகா? பெரிதாக வளர்ந்தது முட்டையிட வெளியே போகவும் வழி இல்லை. மறுகா? இரண்டரைப் பக்கம்தான் எழுதினேன்.

வெளியே வாகை மரத்தடியில் மச்சாள் நின்றாள். எப்படி எழுதினாய் என்று அவள் கேட்கவில்லை. என்ன எழுதினாய் என்று கேட்டாள். முழுவதையும் சொன்னேன். கடல் வராததால் தண்ணீரில் உப்புக் குறையும் என்று சொன்னதும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மழையே இல்லாத வருசம் கா. வெயிலுக்குத் தண்ணி வத்தினா உப்புக் குறையுமா, ஏறுமா?"

மறுகணம் இருவருக்கும் வாக்குவாதம். ஆற்றுத் தண்ணீர் கொஞ்சமாவது வருமே என்றேன் நான். எந்த ஆறு, ஆவணியிலா என்றாள் அவள். வந்த பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. மூன்று மாதம் என்னை நித்திரை கொள்ளவிடாத பரீட்சை அது. தேறுவேனா இல்லையா என்ற எண்ணமே அந்த ஒரு மணி நேரம் எனக்கு வரவில்லை.

தேறினேன். மீள்பரீட்சைக்காரர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சாதாரணச் சித்தி, வெறும் தேர்ச்சிதான் தருவார்கள், அதைத் தந்தார்கள். மச்சாளோடு இரண்டாம் வருடத்துக்குப் போனேன். இப்போது நான் பாடம் எடுக்கிறேன். திரையில் வரும் ஒவ்வொரு பக்கத்தையும் பிள்ளைகள் போனில் படம் பிடித்துவிட்டுப் படித்த திருப்தியோடு போகிறார்கள், எனக்கு ஏச வாய் வருவதில்லை. முதல் பரீட்சையில் நிரப்பிய ஆறு பக்கத்திலிருந்து ஒரு வசனம் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. அந்த இரண்டரைப் பக்கத்தை இப்போது கேட்டாலும் சொல்வேன், உப்பில் விட்ட பிழை உட்பட.