இரண்டு தரம் பதிந்த அக்கா

நான் அஞ்சாம் வகுப்போடு நிறுத்திய ஆள். வாவியில் மீன் பிடித்தேன். கடல் வந்து தோணியைக் கொண்டுபோன பிறகு, களுவாஞ்சிக்குடிக்குப் போகிற வழியில் ஒரு நிவாரணக் கந்தோரில் வாச்சர் வேலை கிடைத்தது. கதவு திறக்க வேண்டும், பூட்ட வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். மற்ற நேரம் கதிரையில் குந்தியிருக்க வேண்டும்.

அந்தக் கந்தோருக்கு வெளிநாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வந்தது. அதே லொறியில் பனிக்குப் போடுகிற தடித்த கோட்டுகளும் வந்தன. இரண்டையும் அங்கே யாரோ வேண்டாம் என்று ஒதுக்கியிருக்க வேண்டும். கோட்டுகளை நாய் குட்டி போட்ட இடத்தில் விரித்தோம். கம்ப்யூட்டரை மேசையில் வைத்தோம்.

கம்ப்யூட்டர் என்றால் இப்போது பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி இல்லை. பின் அறையில் ஒரு பெரிய பெட்டி. மூளை அதற்குள். முன்னால் மேசையில் ஒரு கறுப்புத் திரையும் எழுத்துத் தட்டுகிற பலகையும். நடுவில் ஒரு வயர். படம் இல்லை, பாட்டு இல்லை. பச்சை எழுத்தில் கேள்வி வரும். பதில் அடிக்க வேண்டும். குடும்பத் தலைவர் யார், எத்தனை பேர், வீடு போனதா. அதற்குள் பதிந்தவருக்கு வீடு. பதியாதவருக்குக் கூடாரம்.

அக்காவும் கூடாரத்தில்தான் இருந்தாள். மச்சானைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் நின்றது. என் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். "ஒரு குசினிக்குள்ள ரெண்டு பொம்புள சரிவராது" என்றாள், என் பெண்சாதியின் முகத்தைப் பார்த்து. பெண்சாதி மறுத்துச் சொல்லவில்லை. மாரி மழைக்கு முதல் அக்காவுக்கு ஒரு கூரை வேண்டும். எனக்கு அந்த ஒரு யோசனைதான்.

அடிக்கிற வேலை ஒரு மிஸ்ஸுக்கு. டைப்ரைட்டிங் பழகியவர், பலகையைப் பார்க்காமலே அடிப்பார். காலையில் முதலில் ஒரு ரகசியச் சொல் அடிக்க வேண்டும். அதை அடிக்கும்போது மட்டும் எழுத்துத் திரையில் தெரியாது. பின்னால் நிற்கிறவன் பார்த்துவிடக் கூடாதாம்.

ஒரு நாள் மிஸ் அந்தச் சொல்லில் பாதி அடித்திருந்தார். ரோட்டில் ஒருவன் கத்தினான்.

"கடல் வருகுது! கடல் வருகுது!"

அவசரத்துக்கு இதை அழுத்தி நிப்பாட்டுங்கள் என்று பழக்கிய கட்டையை மிஸ் பலகையில் அழுத்தினார். அழுத்திவிட்டு ஓடினார். கந்தோருக்குப் பொறுப்பான சேர் அவருக்கு முன்னால் ஓடினார். எங்கள் பக்கத்தில் கடலுக்குப் பயந்து ஓடினால் வாவி வரும். வாவிக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தோம். கடல் வரவில்லை. கத்தினவனையும் காணவில்லை.

திரும்பி வந்து மிஸ் வேலையைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் சேரைக் கூப்பிட்டார்.

"சேர், நான் அடிக்கிறது தெரியுதில்ல."

"கேள்வி தெரியுதா?"

"கேள்வி வருகுது. என்ட பதில்தான் தெரியுதில்ல."

சேர் திரையைப் பார்த்தார். கேள்விகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஒரே வரியில் நின்றன. நடுவில் பதில் ஒன்றும் இல்லை.

"பாதுகாப்புக்குச் செய்திருப்பாங்க. மேலிடத்து அலுவல். நாம ஏன் கேப்பான்? நீங்க அடிங்க புள்ள."

மிஸ் அடித்தார். சென்றியில் ஆமிக்காரன் மறித்துக் கேட்கிற கேள்வி எல்லாருக்கும் கேட்கும். நாம் சொன்ன பதிலை அவன் என்னவென்று எழுதினான் என்று யார் எட்டிப் பார்த்தது? கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

அக்காவின் முறை வந்தது. மிஸ் கேட்டுக் கேட்டு அடித்தார். அக்கா திரையை உற்றுப் பார்த்தாள்.

"மகள், என்ட பேர் விழுந்திட்டா?"

"விழுந்திருக்கும் அக்கா."

"இருக்கும் எண்டா? காணல்லியே."

"காணாது அக்கா. நேரா உள்ளுக்குப் போகுது."

"எதுக்கும் இன்னொருக்கா அடியுங்க."

எங்கள் ஆட்களுக்கு அது பழக்கம். ஆமிக்கு ஒரு பதிவு, இயக்கத்துக்கு ஒரு பதிவு. ஒரு பக்கம் பதிந்து மற்றப் பக்கம் பதியாதவன் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு தரம் பதிந்தால் அது பாதிப் பதிவு. மிஸ்ஸும் இந்த ஊர்தான். மறு பேச்சில்லாமல் இன்னொரு தரம் அடித்தார்.

வரிசையில் நின்ற ஒருத்தி விடவில்லை. "என்னகா, தம்பி கதவடியில இரிக்கான் எண்டு உனக்கு மட்டும் ரெண்டா?"

"நீயும் கேளு. நானா வேணாம் எண்டன்?"

அன்றிலிருந்து எல்லாருக்கும் இரண்டு தரம். முன்னால் ஒரு தரம் பதிந்தவர்களும் வந்து மற்றதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இது கூடுதல் கவனம் என்று சேர் கூட்டத்தில் சொன்னாராம். பாராட்டினார்களாம்.

டவுனிலிருந்து ஒரு இன்ஜினியர் வேறு எதையோ பார்க்க வந்தார். மிஸ் அடிப்பதைக் கண்டு நின்றுவிட்டார்.

"எவ்வளவு நாளா இப்பிடி?"

"கடல் வந்த நாள் தொடக்கம்" என்றார் மிஸ்.

"சுனாமியில இருந்தா?"

"இல்ல சேர். மறுகா ஒரு நாள், வராத கடல்."

இன்ஜினியர் ஒரு சொல் அடித்தார். அதுவும் தெரியவில்லை. அடித்து முடித்து ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அடித்தது எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. மிஸ் தன் பெயரை அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அழித்தார்.

"என்ன சொல்லு சேர் அது?" என்று கேட்டேன்.

"புத்தியோட இரு எண்டு அர்த்தம் அண்ண."

"அதுக்கு என்ன வருத்தம், புத்தி பிசகா?"

"வருத்தமில்ல. புரோகிராம் தானாத் திரையைத் தொடேலாது. உள்ளுக்கு ஒரு பெரியவர் இருக்கார், அவரிட்டக் கேக்கணும். ரகசியம் அடிக்கப் போறாங்க, எழுத்தக் காட்டாதீங்க எண்டு கேட்டிருக்கு. அவரும் நிப்பாட்டிட்டார். முடிஞ்ச பிறகு, இனிக் காட்டுங்க எண்டும் அதுதான் கேக்கணும். அதுக்கு முதல் நீங்க அதக் கொன்னுபோட்டு ஓடிட்டீங்க."

"கேட்டவன் செத்தாலும் கட்டளை நிக்குமா?"

"நிக்கும். வேற ஆரும் வந்து மாத்துமட்டும் நிக்கும்."

விளங்கியது. இருட்டினால் வாவியில் தோணி இறக்கக் கூடாது என்று ஆமியில் ஒரு பெரிய அதிகாரி சொன்னான். சொல்லிவிட்டு மாற்றலாகிப் போனான். அவனுக்குப் பின் வந்த ஒருவனுக்கும் ஏன் என்று தெரியாது. நாங்கள் ஒழுங்காகக் கரையேறிக்கொண்டிருந்தோம்.

திரை சரியானது. வீடு சரியாகவில்லை. தெரியாவிட்டாலும் அடித்தது எல்லாம் உள்ளே போயிருந்தது. இரண்டு தரமும் போயிருந்தது. ஒரு ஊரில் எல்லாக் குடும்பமும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருப்பதைக் கண்டு மேலிடம் வீட்டு வேலையை நிறுத்தியது. விசாரிக்க ஒரு ஐயா வந்தார். வெளியில் மழைக்கோலம். அக்காவை முதலில் கூப்பிட்டார்.

"இதில எது நீங்க?"

"எதுக்கு வீடு குடுப்பீங்களோ அது."

"அப்ப மற்றது?"

"அதுவும் நான்தான். அவக்கு வீடு வேணாமாம் எண்டு போடுங்க."

ஐயா சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்துவிடச் சொன்னார். மிஸ் தட்டினார். எடுக்கிறதுக்குக் காரணம் கேட்டது கம்ப்யூட்டர். அதற்குத் தெரிந்த காரணம் மூன்றுதான். இறந்தவர், காணாமற்போனவர், வெளிநாடு போனவர். தவறி இரண்டு தரம் அடிபட்டவர் என்று ஒன்று அதற்குத் தெரியாது. அதைச் செய்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போய்விட்டார்.

"வெளிநாடு எண்டு போடவா அக்கா? பாஸ்போட் நம்பர் கேக்கும்."

"நான் கொழும்பே காணல்ல."

"காணாமப் போனது எண்டா எங்க, எப்ப, ஆர் கொண்டுபோனது எண்டு கேக்கும்."

"ஐயோ, அது வேணாம். செத்தா எண்டா?"

"செத்தா எண்டா ஒண்டும் கேக்காது."

"அப்ப நாம சாவம்" என்றாள் அக்கா.

மிஸ் அடித்தார். இந்த முறை எழுத்துத் தெரிந்தது. அக்காவுக்குப் பின்னால் வரிசை நின்றது. பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கச் செத்தது. கடல் விட்டுவைத்த ஆட்களை மிஸ் முடித்தார். எல்லாரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த மாரியை அக்கா கூடாரத்தில்தான் கழித்தாள். அடுத்த மாரிக்கு முன் வீடு வந்தது. ஒரு அறை, ஒரு குசினி. வீடு நல்லதா என்று கேட்டேன். "கதவு இரிக்கி" என்றாள்.

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. அதற்குப் பிறகு சுனாமியில் செத்தவர்களுக்குக் கடற்கரையில் கல் நட்டார்கள். பெயர்களைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வெட்டினார்கள். ஒரு கல் போதவில்லை. இன்னொன்று கொண்டு வந்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர் இவ்வளவு பேரா என்று கண்ணைத் துடைத்தார். அந்த இவ்வளவு பேரில் முக்கால்வாசிப் பேர் முன்னால் கதிரையில் இருந்தார்கள். சோடாவும் குடித்தார்கள்.

புதிதாக வந்த அதிகாரிக்கு விஷயம் தெரியவந்தது. உயிரோடு இருக்கிறவர்களின் பெயரைச் சீமெந்து பூசி மூடச் சொல்லி ஒரு மேசனைக் கொண்டு வந்தார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரைக் காட்டினார்கள். மேசன் பூசிக்கொண்டு போனான். அக்காவும் வந்து நின்றாள். மச்சானின் பெயருக்கு நேர் கீழே அவள் பெயர்.

"அம்மா, உங்கடது எது? காட்டுங்க."

"அது கிடக்கட்டும்."

"உசிரோட இரிக்கிற ஆக்கள்ர பேர் இதில இரிக்கேலாது அம்மா."

"எப்பிடியும் ஒரு நாள் வெட்டத்தானே வேணும். மறுகா ஆர் வந்து வெட்டுற? அவர்ர பேருக்குக் கீழ வேற ஆரும் வரக் கூடா."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அவர் மேசனுக்குக் கையைக் காட்டினார். மேசன் அந்தப் பெயரைத் தாண்டிப் போனான்.

வேலை முடிகிற நேரம் அக்கா மேசனிடம் போனாள்.

"தம்பி, சீமெந்து மிச்சமா?"

"கொஞ்சம் இரிக்கம்மா. எதுக்கு?"

"அவங்க தந்த வீடு. குசினிச் சுவர் வெடிச்சிட்டு."

மேசன் ஒரு தாச்சிச் சட்டி நிறைய அள்ளிக் கொடுத்தான். இறுகுவதற்கு முதல் போக வேண்டும். நான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.