பாதி நிகழ்ச்சி கேட்டவர்கள்

சில்வியாவுக்கு வேலை ஒரகடத்தில், கார்க் கண்ணாடி செய்யும் கம்பெனியில், குவாலிட்டி செக்கிங். ஞாயிறு மாலைகளில் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் பறவைகளைப் பற்றிப் பேசுவாள். மணிமங்கலத்திலிருந்து குன்றத்தூர் வரை அவள் 'கொக்கு அக்கா'. போனில் வரும் கேள்விகளில் பாதி, "அக்கா, அந்த நாரைக் கறி நல்லா இருக்குமா?" மீதிப் பாதி, ஏரியோரம் மனை என்ன விலை. முதலில் சண்டை போட்டாள். இப்போதெல்லாம் "அடுத்த நேயர்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள்.

போன ஞாயிறு, வடக்குப்பட்டுப் பக்கத்து ஏரியில் சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும் என்றாள். ஆனால் அதில்தான் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன, குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு கிளையையும் தொடாதீர்கள் என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை போனால் கரையில் பொக்லைன் உறுமிக்கொண்டிருந்தது. பச்சை பனியனில் அவள் கம்பெனி ஆட்கள். பேனரில் அவள் படம் வேறு. எச்.ஆர். ரகுபதி சிரித்துக்கொண்டே வந்தார்.

"நீங்க சொன்னதுதான் மேடம். எல்லாத்தையும் எடுத்துடறோம்."

"குஞ்சு இருக்கு, தொடாதீங்கன்னும் சொன்னேனே சார்."

"அப்படியா? பஸ்ல கேட்டேன். பாதியில படப்பை வந்துடுச்சு, இறங்கிட்டேன்."

சில்வியா பல்லைக் கடித்தாள். மேலே கூடுகளில் நாரைகள் அலகைத் தட்டின.

"இன்னாமா, வெட்டவா வேணாவா? வண்டி சும்மா ஓடிக்கினு கீது" என்றார் டிரைவர் ராமன்.

"எம்.டி. வர்றார் மேடம். போட்டோவுக்கு ரெண்டு மரமாவது" என்றார் ரகுபதி.

அவள் விறுவிறுவென்று போய் பொக்லைன் வாளிக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

"பேனர்ல இருக்கற ஆளு இங்க இருக்கேன். எடுங்க போட்டோ."

"மேடம், என் வேலை போயிடும்."

"எதிர்க்கரையில ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கு. ஆளுங்கள எறக்கிக் கையால பிடுங்கச் சொல்லுங்க. எம்.டி. கேட்டா அதுதான் ப்ரோக்ராம்னு சொல்லுங்க."

ரகுபதி சேற்றைப் பார்த்தார், தன் வெள்ளை ஷூவைப் பார்த்தார். பிறகு குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார்.

ராமன் இன்ஜினை நிறுத்தினார். "எறங்கும்மா, டீ குடிச்சிட்டு வண்டிய எட்த்துனு போறேன்."

"குடிச்சிட்டே வாங்கண்ணே" என்றாள் சில்வியா. "வண்டிய ரிவர்ஸ்ல ஏத்துங்க. ரோட்டுக்குப் போனப்புறம் எறங்கறேன்."