கார்த்திகைக்குப் பின் வந்த பாட்டில்கள்

நான் பீர் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன் என்று அம்மா யாரிடமும் சொன்னதில்லை. "பாட்டில் கம்பெனி" என்பாள். கேட்பவர்கள் ஏதோ கண்ணாடி செய்கிற இடம் என்று நினைத்துக்கொள்வார்கள், அவளும் அப்படியே விட்டுவிடுவாள். ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் துணி கட்டி மலையேறுகிற குடும்பம். மகள் பீருக்கு லாரி அனுப்புகிறாள் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அம்மா சொன்னது பெரிய பொய்யும் இல்லை. என் வேலையில் பீர் குறைவு, பாட்டில்தான் அதிகம்.

திருத்தணியில் காலையில் வேன் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் தொழிற்சாலை. அங்கே சரக்கு வரத்தும் அனுப்புவதும் என் பிரிவு. மால்ட் என்கிற முளைவிட்ட பார்லி வடக்கேயிருந்து லாரியில் வரும். ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ கப்பலில் வந்து குளிர் அறையில் கிடக்கும். இவை தாமதமானால் போன் போட்டுத் திட்டுவதற்கு மறுமுனையில் ஓர் ஆள் உண்டு. பழைய பாட்டிலுக்கு அப்படி யாரும் கிடையாது. குடித்தவன் அதை எங்கே எறிந்தானோ அங்கேயிருந்து அது கிளம்பி வரவேண்டும். வரப்போரம், தண்டவாளத்து ஓரம், கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ பொறுக்கப்பட்டு, கோணியில் ஏறி, எங்களிடம் வந்து கழுவப்பட்டு, மறுபடி நிரம்பிப் போகும். கோடையில் பாட்டில் வரத்து நின்றால் பீர் தயாராகி டாங்கில் காத்திருக்கும், ஊற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. வைத்திருந்து விற்கவும் முடியாது, அதன் ஆயுசு அவ்வளவுதான். அந்த மாதங்களில் எனக்குச் சோறு இறங்காது.

இந்தப் பாட்டில்களைத் தரம் பிரிக்கிற யார்டு ஒன்று கே.ஜி.கண்டிகைப் பக்கம் இருந்தது. அதை நடத்தியவர் என் அக்காவின் கணவர், என் பாவா. அரக்கோணத்தில் பழைய சாமான் கடையில் பல வருஷம் கூலிக்கு நின்றவர். எங்கள் கம்பெனி யார்டுக்கு ஆள் தேடியபோது தானாக வந்து கேட்டு எடுத்துக்கொண்டார். சிபாரிசு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, தொழிற்சாலைக்கு வந்தால் என்னைத் தெரியாதவர் போல நிற்பார். எனக்கு அது சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

யார்டில் கண்டிகைப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர். வாய் உடைந்தது, எல்லை தாண்டி வந்த ஆந்திரா பாட்டில், வேறு கம்பெனி எழுத்து பொறித்தது எல்லாவற்றையும் ஒதுக்குவார்கள். ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ இருந்த பாட்டில் என்றால் தூக்கி எறிவார்கள். வயல் வேலை கிடைக்காத மாதங்களிலும் இந்த வேலை இருந்தது, நிழலில் இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குக் குடிக்கிற புருஷன். காலையில் ஒதுக்குகிற பாட்டிலும் ராத்திரி வீட்டுக்கு வருகிற பாட்டிலும் ஒன்றுதான் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

கார்த்திகை தீபத்துக்கு எங்கள் பக்கத்தில் தீப எண்ணெயைச் சில்லறையாக வாங்குவார்கள். கடைக்காரர் கேனிலிருந்து அளந்து ஊற்றுவார், பாத்திரம் நாம் கொண்டுபோக வேண்டும். அதற்கு பீர் பாட்டில் போல வசதியானது இல்லை. முக்கால்வாசி வீட்டுப் பூஜை மாடத்தில் பழுப்பு பாட்டில் ஒன்று, துணியை அடைத்து நிற்கும். எங்கள் வீட்டிலும் நின்றது. அதை பீர் பாட்டில் என்று அம்மா ஒருநாளும் நினைத்ததாகத் தெரியவில்லை. யார்டுப் பெண்களும் ஆளுக்கு ஒன்றிரண்டு எடுத்துப் போவார்கள். பாவா பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். போனது போனதுதான், திரும்பி வராது.

அந்த வருஷம் மேலிடத்தில் பேச்சு மாறியது. பழைய பாட்டிலே வேண்டாம், புதிதாக வாங்கிக்கொள்ளலாம், யார்டை மூடிவிடலாம் என்றார்கள். நான் ஒவ்வொரு கூட்டத்திலும் எதிர்த்துப் பேசினேன். பாவாவுக்காகத்தான் பேசுகிறேன் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார். கார்த்திகை முடிந்ததும் யார்டிலிருந்து ஒரு லாட் தனியாக வரட்டும், அதைத் தனியாகக் கழுவி நிரப்பிப் பார்ப்போம். சுத்தமாக இருந்தால் யார்டு இருக்கும், இல்லையென்றால் இல்லை.

பாவாவிடம் சொன்னேன். "நீ கவலப்படாதம்மா, குத்தம் சொல்ல முடியாத மாதிரி அனுப்புறேன்" என்றார்.

லாட் வந்தது. லாரியின் பின்கதவைத் திறந்ததும் கண்ணைப் பறித்தது. மேல் வரிசைப் பாட்டில்கள் அப்படி மின்னின. கழுவுகிற மெஷினில் வேலை செய்பவர், இதைக் கழுவவே வேண்டாம் போலிருக்கிறதே என்றார். எனக்கு அன்றைக்குப் பசித்தது. ரொம்ப நாள் கழித்து நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து லேபுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் கிளாஸ்கள் வரிசையாக இருந்தன. ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினார்கள். நுரை எழும்பியது, எழும்பின வேகத்திலேயே அடங்கிப்போனது. அடுத்தது சரியாக இருந்தது. அதற்கடுத்தது மறுபடி செத்துப்போனது. கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் பீரில் நுரை நிற்காது. லேப் அதிகாரி ஒரு கிளாஸை முகர்ந்து பார்த்து, ஏதோ பூஜை அறை மாதிரி இருக்கிறதே என்றார். மேனேஜர் சிரித்தார். என்னிடம் நீட்டினார்கள். முகர்ந்தேன். எங்கள் தெருவே கார்த்திகை அன்று சாயந்திரம் அப்படித்தான் மணக்கும்.

அன்றைக்கே கண்டிகைக்குப் போனேன். யார்டில் எவளோ சோம்பேறித்தனம் பண்ணியிருக்கிறாள், எண்ணெய் பாட்டிலை முகராமலே பெட்டியில் தள்ளிவிட்டிருக்கிறாள் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனேன். பாவாவும் வீட்டில்தான் இருந்தார், அக்கா காபி கொடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"உங்க பாவா இந்த வாட்டி இன்னா பண்ணாரு தெரியுமாடி? வூடு வூடா போயி, கார்த்திகைக்கு எண்ண வாங்கி வெச்சிருந்த பாட்டிலுங்கள எல்லாம் கேட்டு வாங்கிகினு வந்துட்டாரு. நம்ம மாடத்துல இருந்தத கூட உடல. எண்ணெய சொம்புல ஊத்தி வெச்சிகினு இருக்கறேன்."

பாவா தலையைக் குனிந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"கம்பெனி பாட்டிலு ஒண்ணு கூட நம்ம ஜனங்க வூட்ல இருக்கக் கூடாதும்மா. சோதன போடற நேரத்துல, யார்டு பொம்பளைங்க பாட்டில தூக்கிகினு போறாங்கன்னு எவனாச்சும் ஒரு பேச்சு பேசிட்டா? அதான் எல்லாத்தையும் திருப்பிட்டேன். சும்மா இல்ல, சீக்காயும் சாம்பலும் போட்டு தேச்சி, நாலு நாளு வெயில்ல கவுத்து, மேல் வரிசையில அடுக்கி அனுப்பினேன். பாத்தியா?"

"பாத்தேன் பாவா."

"பொம்பளைங்க அவ்ளோ ஆசையா தேச்சாங்க."

தாங்களே தேய்த்துக் கழுவியதை யார் முகர்ந்து பார்ப்பார்கள்? அவை தரம் பிரிக்கிற பலகைக்கே போகவில்லை, நேராகப் பெட்டிக்குப் போயிருக்கின்றன. அந்த எண்ணெய் வெயிலில் காய்ந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் எங்கள் மெஷினின் காஸ்டிக் சோடாவுக்கே லேசில் அசையாது, சீயக்காய்க்கு எங்கே போகும்? திட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டு வந்தவள் நான், அங்கே அப்படி ஒருவரும் இல்லை.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் பாவா.

"இன்னும் சொல்லல பாவா" என்றேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இது ஒரு தடவை நேர்ந்த தவறு, இன்னொரு லாட் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கெட்டவர் இல்லை. "அடுத்த வருஷம் கார்த்திகை வராதாம்மா?" என்றார்.

பாவாவுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. யார்டு வாசலில், டாடா ஏஸ் வண்டி ஒன்று கோணிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். பாட்டில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இனிமேல் புதுப் பாட்டில்தான் வாங்கப் போகிறார்கள், மேலே எடுத்த முடிவு என்றேன்.

"நல்லா இருந்துச்சுன்னா அப்புறம் ஏம்மா?" என்றார்.

அவர் கோபப்படவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் செருப்பால் ஒரு கண்ணாடிச் சில்லைத் தள்ளிக்கொண்டு நின்றேன். உள்ளே பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொங்கலுக்கு முன்னாலேயே யார்டை மூடிவிட்டார்கள். பெண்களில் சிலர் வயல் வேலைக்குத் திரும்பினார்கள், ஒருத்தி பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறாள். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று, மறுபடி எப்போது திறப்பார்கள் என்று கேட்பாள். நான் டீ குடிக்க வேறு கடைக்குப் போக ஆரம்பித்தேன். பாவா அரக்கோணத்தில் அதே பழைய சாமான் கடைக்குப் போனார். முதலாளியின் மகன் இப்போது முதலாளி. வயதில் பாதி இருப்பவன் அவரை வாடா போடா என்கிறானாம், அக்கா சொன்னாள். எங்கள் கம்பெனியில் கோடைக்குப் புதுப் பாட்டில் லாரி லாரியாக வந்து இறங்கியது. நான் வேளைக்குச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

போன கார்த்திகைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிளாஸ்டிக் பாட்டிலில் எண்ணெய் வாங்கி வைத்திருந்தாள். விளக்கேற்றுகிற நேரத்துக்குப் பாவா அரக்கோணத்திலிருந்து வந்து சேர்ந்தார். கையெல்லாம் துருவேறிய கறை, சோப்புப் போட்டும் போகவில்லை. முன்னைவிட இளைத்திருந்தார். வாசலில் அகல்களை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தெரு முழுக்க அதே வாசனை.

என்னைத் தேற்றுகிறவர் போலச் சொன்னார்.

"போனது போவட்டும்மா. நம்ம மேல ஒரு சொல்லு கெடையாது. ஒரு பாட்டிலு பாக்கி வெக்காம திருப்பிக் குடுத்துட்டுதானே வந்தோம்? அத நெனச்சிகினுதான் நான் தூங்கறேன்."

"ஆங் பாவா" என்றேன்.